மலைக்குப் போகாத லட்டு

அப்போது எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் இல்லாமல் இருந்தார். எதிர்வீட்டு அக்காவின் மகன் துபாயில். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில். என் கணவர் அமெரிக்காவில், கம்ப்யூட்டர் வேலையில். சித்தூரில் மிஞ்சியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான்: வயதானவர்களும் பிள்ளைக்காரிகளும். எனக்கும் குழந்தைக்கும் விசா வரும்வரை மாமனாரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டுக் கணவர் விமானம் ஏறினார். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

நான் விலங்கியல் பட்டதாரி. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மூன்று வயது மகளுக்கு இரண்டு தும்மல் வந்தால் அது சளியா, நிமோனியாவா என்று எனக்குத் தெரியாது. குழந்தை டாக்டரின் கம்பவுண்டர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "மள்ளி வச்சாவா அம்மா?" என்பார். மறுபடியும் வந்துவிட்டாயா என்று அர்த்தம். கைப்பையில் தெர்மாமீட்டர் இல்லாமல் காய்கறி வாங்கக்கூடப் போகமாட்டேன். இப்படிப்பட்ட ஒருத்தி இருந்த வீட்டில்தான், அவள் கண்ணெதிரே, ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டு வந்தார். நான் குழந்தைக்கு ஜுரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்தபோதுகூட இரண்டு மாதத்தில் தேறிவிட்டார். மகன் விமானம் ஏறிய பிறகுதான் இறங்க ஆரம்பித்தார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். நான்கு இட்லி இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. கேட்டால், "வயித்துல கல்லு வெச்சா மாதிரி கீதும்மா" என்பார். வயிற்று டாக்டரிடம் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

"எல்லாம் நார்மலா கீதாம். அப்ப நான் பொய் சொல்லிக்கினு கீறனா?" என்றார் மாமா.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் காபி டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தபடி, "இருந்து இன்னாம்மா பண்ணப் போறேன்?" என்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டார். காபி அப்படியே இருந்தது.

நான் மறுபடியும் வயிற்று டாக்டரிடம் ஓடினேன், தனியாக. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது வயிற்றில் இல்லை, மனசில் என்றார். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொல்ல நான் மூன்று முறை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அவருக்கே பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, சொல்லித் தொலையேன்."

சொன்னேன். 

"வரேன். ஆனா ஒண்ணு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கிப் போறான்னு தெருவுல ஒரு வாயில வந்துச்சின்னா, அன்னியோட நிறுத்திக்குவேன். அப்பால நீ கால்ல வுழுந்தாலும் வரமாட்டேன்."

அவர் மகனைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் காப்பியடித்தால்கூட எனக்கு முகம் சிவந்து நான் மாட்டிக்கொள்வேன். அப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு மனிதர் தன் மானத்தைக் கொடுத்தார் என்றால், அவருக்கு வேறு ஆள் இல்லை என்றுதான் பொருள்.

ரகசியம் மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே வருவதற்குள்ளாகவே ஆட்டம் கண்டது. எதிர்வீட்டு அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடி, தெரு முழுவதையும் கவனிக்கும் கண்.

"விடியக் காத்தால எங்கம்மா, மூணு பேரும்?"

"திருப்பதிக்கு அக்கா."

"கொண்டக்கா?"

எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும்போதும் மலைக்குத் தெலுங்குப் பெயர்தான். சித்தூரிலிருந்து ஒரு குடும்பம் குளித்து, விடியற்காலையில், திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்பினால் அது ஏழுமலையானுக்குத்தான். வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. நான் வாயைத் திறந்தேன்.  தலை மட்டும் தானாக ஆடியது.

"கோவிந்தா!" என்று அக்கா ஈரக் கையோடு மாமாவைப் பார்த்துக் கும்பிட்டார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகத் தானும் கும்பிட்டார். அந்த நிமிடம் முதல் நாங்கள் இருவரும் கூட்டுக் களவாணிகள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வந்தபோது மதியமாகிவிட்டது. டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். நான் மாமாவின் எல்லா ரிப்போர்ட்டும், குழந்தையின் ஸ்வெட்டரும், பிஸ்கட்டும், ஜுர மருந்தும் அடைத்த பையை மேஜைமேல் வைத்துவிட்டு, மனப்பாடம் செய்திருந்ததை மூச்சு விடாமல் தெலுங்கில் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். தூக்கம் எப்படி என்றார். எங்கே தூங்குவது, குழந்தை மூச்சு விடுகிறதா என்று அடிக்கடி எழுந்து பார்க்க வேண்டுமே என்றேன். நெஞ்சு படபடக்குமா என்றார். எப்போதும் என்றேன். காரணமில்லாமல் பயம் வருமா என்றார். காரணமெல்லாம் இருக்கிறது என்று சொல்லி அந்தக் காரணங்களை அடுக்கத் தொடங்கினேன். டாக்டர் புதுத் தாளைத் திருப்பினார்.

அப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மாமா தொண்டையைச் செருமினார்.

"பேஷண்ட் நேனு சார்." நோயாளி நான்தான் என்றார்.

டாக்டர் எழுதிய தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு மாமாவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்ததை நான் கண்டேன். அந்தச் சிரிப்புக்கு நான்தான் காரணம் என்பதில் எனக்கு இன்றும் பெருமையும் வெட்கமும் சரிபாதி.

டாக்டர் மாமாவிடம் தனியாகவும் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: இது நோய். மாத்திரையால் சரியாகும், ஆனால் சில வாரம் ஆகும். மாதா மாதம் வரவேண்டும். முக்கியமானது ஒன்று, நன்றாக ஆகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நான் சொல்கிறவரை போட வேண்டும். காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு. திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். நான் எழுந்து நின்று சொன்னேன். எழுந்து நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வீடு திரும்பியபோது அக்கா கேட்டில் நின்றிருந்தார், வலக்கையை இடக்கை தாங்க நீட்டியபடி.

"பிரசாதம் குடும்மா."

மலைக்குப் போய் வந்தவர்கள் லட்டைப் பிட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் செருப்பைக் கழற்றமாட்டார்கள். இது எனக்கு நினைவே வரவில்லை. "பையில அடியில கீது அக்கா, காலைல தர்றேன்" என்று சொல்லி உள்ளே ஓடினேன். மறுநாள் கடை திறந்ததும் பஜாரில் பூந்தி லட்டு வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துளி வாயில் போட்டு, நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, வாசனயே இல்ல? டெட்டால் கிட்ட வெச்சிருந்தியா?"

டெட்டாலுக்கு நான் பெயர் போனவள் என்பதால் அன்று தப்பித்தேன்.

அடுத்த மாதத்திற்குள் எனக்குத் தொழில் படிந்துவிட்டது. கடை லட்டை உதிர்த்து, நெய்யைச் சூடாக்கி விட்டு, முந்திரி, ஏலக்காய், கற்கண்டு சேர்த்து, பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை தூவிப் பெரிதாகப் பிடிப்பேன். முதல் தடவை சிட்டிகை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வீடு முழுவதும் கர்ப்பக்கிரகம்போல் மணத்தது. குழந்தை தும்மினாள், நான் தெர்மாமீட்டரைத் தேடினேன். மாமா சமையலறை வாசலில் நின்று என் கையையே பார்த்துவிட்டுப் போனார். பாவம் சேருமே என்ற பயமும் இருந்தது. அதற்காக ஒரு வழி வைத்திருந்தேன்: 'பிரசாதம்' என்று வாயால் சொல்லமாட்டேன். "லட்டு எடுத்துக்கோங்க அக்கா" என்று மட்டும் சொல்வேன். பெருமாள் படித்தவர், வித்தியாசத்தைக் கவனிப்பார் என்று நம்பினேன்.

"யார் யாரோ கொண்டாந்து குடுக்கறாங்க. நீ கொண்டார்ற லட்டு மாதிரி வராது" என்றார் அக்கா. தன் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பினார்.

தெருவில் என் மதிப்பு ஏறியது. சின்னக் குழந்தையோடு மாதா மாதம் மாமனாரை மலைக்குக் கூட்டிப் போகிற மருமகள் என்று பலமனேரில் இருந்த என் நாத்தனார் காதுவரை போய், அங்கிருந்து அமெரிக்கா போனது. ஞாயிற்றுக்கிழமை போனில் கணவர் கேட்டார்.

"பலமனேர் அக்கா சொல்றா, நீ மாசா மாசம் கொண்டக்கி போய்க்கினு கீறியாம். உன்ன நைனாவ ஆஸ்பத்திரிக்கித்தான இட்டுனு போவச் சொன்னேன்?"

"ஆஸ்பத்திரிக்கித்தாங்க போறோம்."

"அப்ப லட்டு?"

தெரு முழுவதும் நம்பிய பொய்யை, உண்மை தெரிந்த ஒரே மனிதரும் நம்பிவிட்டார். மருந்துச் சீட்டைப் போனில் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. குழந்தையும் எனக்கு உதவினாள். எங்கே போனாய் என்று யார் கேட்டாலும் 'கோவிந்தா' சொல்லப் பழக்கியிருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னத்தைத் தட்டினாலும் கைகூப்பி 'கோவிந்தா' என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பழைய தாளைத் தேடுவது தெரிந்தது.

மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மாமா பால்காரரோடு சண்டை போடும் சத்தம் கேட்டது. பாலில் தண்ணீர் என்று. இன்னொரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னாம்மா இது, புளிய அள்ளிக் கொட்டிட்டியா?" என்றார். நான் சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் குழம்பை ஒருவர் திட்டி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

"ஏழுமலையான் கண்ணத் தொறந்துட்டாரு" என்றார் அக்கா. தெருவே வந்து பார்த்துவிட்டு அதையே சொல்லிவிட்டுப் போனது. மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்கா ஒரு மஞ்சள் துணி முடிப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். துபாய் மகனிடமிருந்து வெகுநாளாகப் போன் இல்லை, அவனுக்காக முடிந்த காணிக்கை. "உன் கை ராசியான கை. நீயே உண்டியல்ல போட்டுட்டு வா." லட்டுக்குச் செய்ததை முடிப்புக்குச் செய்ய முடியாது. எவ்வளவு பெரிய திருட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு உண்மையாகவே மலை ஏறினோம். வரிசையில் குழந்தை தோளில், பை இடுப்பில், முடிப்பு முந்தானையில். ஒரு கண் மாமாமேல், ஒரு கண் குழந்தை கழுத்துச் சங்கிலிமேல். சந்நிதியில் கிடைத்த அந்த ஒரு நொடியில் நான் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் தள்ளிவிட்டார்கள். மாமா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

முடிப்பு உண்டியலில் விழுந்தது. லட்டும் கிடைத்தது. அசல் லட்டு. அடுத்த நாள் ஊர் திரும்பியதும் அக்கா வாயில் போட்டுப் பார்த்தார்.

"இந்தத் தபா கொஞ்சம் சுமார்தான், இல்லம்மா?"

மறுநாள் காலை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் நான் வைத்த மாத்திரையை மாமா விரலால் தள்ளினார்.

"இனிமே இது வாணாம்மா."

"டாக்டர் நிறுத்தச் சொல்லலியே மாமா."

"ஊரே சொல்லுது, சாமி சரி பண்ணிட்டாருன்னு. நானே மேல போயி அவுரு மொகத்தப் பாத்தேன். அதுக்கப்பறமும் மாத்திர துன்னா அவுர நம்பலன்னு ஆவும்."

"மாமா, நாம மலைக்கி போனதே முந்தாநேத்துதான். உங்களுக்கு அதுக்கு முன்னாடியே சரியாயிடுச்சே."

"அவுருக்கு ஏதும்மா முன்ன, பின்ன?"

விலங்கியலில் இதற்குப் பதில் இல்லை. நாங்கள் மலைக்குப் போகவே இல்லை, அதெல்லாம் பஜார் லட்டு என்று அவருக்கு நினைவூட்டலாமா? அது அவருக்கே தெரியும். என் கையைப் பார்த்தவர் அவர். தெருவே சேர்ந்து சொன்னதில் அவர் பார்த்ததும் கரைந்துவிட்டது. அந்தத் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கெஞ்சினேன். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னபோது, "சாமி கிட்டன்னா வரேன்" என்றார். ஒரு நாள் மாத்திரையைப் பொடித்து அவர் கேழ்வரகுக் கஞ்சியில் கலந்துவிட்டேன். கலந்த பிறகுதான், தாத்தாவின் கிண்ணத்தில் கைவிட்டு நக்குவது என் மகளின் காலைப் பழக்கம் என்பது நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். பிறகு அந்தச் சாக்கடைப் பக்கம் மேய்கிற பசுவுக்கு ஏதாவது ஆகுமோ என்று சாயங்காலம்வரை ஜன்னலில் நின்றேன். பசு நன்றாகவே இருந்தது. மாமாதான் இல்லை.

மறுபடியும் கட்டில் விளிம்பு. மறுபடியும் ஒரே இட்லி. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் கையை ஆட்டி வேண்டாம் என்பார். குளித்துக்கொண்டிருக்கிறார் என்று கணவரிடம் சொல்வேன்.

"எப்பப் பண்ணாலும் குளிச்சிக்கினே கீறாரே, இன்னா விஷயம்?" என்றார் ஒரு வாரம். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். 

பிறகு ஒரு நாள் மாமா அதையே மறுபடியும் சொன்னார். "இருந்து இன்னாம்மா பண்ணப் போறேன்?" இந்த முறை என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னார். அன்று முதல் அவர் கொல்லைப்பக்கம் போனால் நானும் ஏதோ எடுக்கப் போகிறவள்போலப் பின்னாலேயே போனேன்.

அக்காவும் கவனித்துவிட்டார். என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார்; குழந்தையோடு போனேன். தலைக்கு எண்ணெய் தேய்த்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பல்லாம் நீங்க கொண்டக்கி போவல இல்ல? அதான் அண்ணா மறுபடியும் ஒடுங்கிட்டாரு. நான் ஒரு முடிவு பண்ணிட்டம்மா. இந்த வாட்டி நானும் கூட வரேன். அண்ணா எழுந்து நடமாடணும்னு வேண்டிக்கினு முடி குடுத்துடறேன்."

"யார் முடி அக்கா?"

"என் முடிதான். வேற யார் முடி, உன் முடியா?" என்று சிரித்துக்கொண்டே, மடியில் கிடந்த அந்தக் கூந்தலை எடுத்துப் பின்னால் போட்டார். என் முடியைக் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன், அவ்வளவுதான். ஆனால் என் பொய்க்காக இந்த அம்மாள் மொட்டை அடித்துக்கொண்டு தெருவில் நடப்பாரா? சொன்னால் மாமா இனி ஒருநாளும் வரமாட்டார். சொல்லாவிட்டால் அக்கா முடியும் போகும், மாமாவும் போவார். இப்படியும் அப்படியும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே என் வாய் தன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரி, டாக்டர், மாத்திரை, நிறுத்தியது எல்லாம்.

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப லட்டு?"

"பஜார் லட்டு அக்கா."

"பச்சக் கற்பூரம் வாசன வந்துச்சே?"

"நான் போட்டது."

"அடிப் பாவி! கண்ணுல ஒத்திக்கினு துன்னனேடி! சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினனே! அந்தம்மா பூஜையில வெச்சிச்சே!"

மனநோய் ஆஸ்பத்திரி என்று சொன்னதை அவர் கேட்டாரா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்ச நேரம் லட்டுக்காகவே திட்டினார். பிறகு சட்டென்று நிறுத்தி, "மாத்திரய எப்ப நிறுத்தனாரு?" என்றார். சொன்னேன். எண்ணெய் வழியும் முடியை அப்படியே கொண்டையாகச் சுற்றிக்கொண்டு எழுந்து தெருவைக் கடந்தார். நான் பின்னால் ஓடினேன். ஓடும்போதே குழந்தையைத் தூக்கி மார்பில் அணைத்துக்கொண்டேன், கேடயம்போல.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணா, நல்லா கீதா இது?" என்று அக்கா கேட்டார். "இந்த வயசுல நான் மொட்டத் தலயோட நின்னிருப்பேன். நீ மாத்திரயத் தள்ளிட்டு ஜம்முனு ஒக்காந்துக்கினு கீற. எனுக்கு பிபி மாத்திர, சுகர் மாத்திர. நான் இன்னா சாமி கும்பிடாதவளா? கொண்ட எறங்கி வந்த அன்னிக்கே பஸ்ஸுல ஒக்காந்து மாத்திர போட்டவதான நானு?"

"அது வேற, இது வேற" என்றார் மாமா.

"எது வேற? அது ரத்தம், இது தல. ரெண்டும் உன்னுதுதான?"

மாமா அக்காவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா போன பிறகு நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்தேன். தெரிந்துவிட்டால் அன்றோடு நிறுத்திக்கொள்வேன் என்று சொன்னவர். கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். குக்கர் சத்தம் போட்டு அடங்கிய பிறகுதான் ஒன்று தோன்றியது: அவர் ஏற்கெனவே நிறுத்தியிருக்கிறாரே. இனி நிறுத்துவதற்கு அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது? இத்தனை நாளும் நான் காவல் காத்தது காலிப் பெட்டியை.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. எல்லாம் குழந்தை வழியாகத்தான். "உங்கம்மா கிட்ட சொல்லு, தண்ணி வாணும்" என்றால் அவள் வந்து, "தாத்தாவுக்கு பன்னி வேணுமாம்" என்பாள். அக்கா மட்டும் காலையில் ஒரு தடவை வாசலில் நின்று, "இன்னா அண்ணா, துன்னியா?" என்று கத்திக் கேட்டுவிட்டுப் போவார். தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது, நான் கடைக்குப் போனபோது ஒருவரும் என்னிடம் மாமாவைப் பற்றிக் கேட்காததிலிருந்து தெரிந்தது. லட்டைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார். கூப்பிடாவிட்டால் நாள் போய்விடும். குழந்தைக்குக் கவுன் மாட்டி, பையை நிரப்பி, தெர்மாமீட்டரை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்துக்கொண்டு நின்றேன். அறைக் கதவு திறந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். குனிந்து குழந்தையிடம் சொன்னார்.

"உங்கம்மாவக் கேளு, கெளம்பறாளா இல்லியான்னு."

குழந்தை என்னைப் பார்த்துக் கைகூப்பி, "கோவிந்தா" என்றாள்.

டாக்டர் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். மாமா மறைக்காமல் சொன்னார். லட்டுக் கதையையும் சொன்னார். டாக்டர் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். சாமி கும்பிடுவதை நிறுத்த வேண்டாம், மாத்திரையை மட்டும் தன்னைக் கேட்டு நிறுத்துங்கள் என்றார். இன்றைக்கே ஆரம்பிக்கலாம், பழையபடி சாப்பாட்டுக்குப் பிறகு. குணம் தெரிய மறுபடியும் சில வாரம் ஆகும், அதுவரை தனியாக விடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். மாமா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். வீட்டில் அவர் இதை எப்போதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் விழுங்குவார். அப்போது பார்த்து, அவரோடு வேலை செய்த டிரைவர் ஒருவர் டீக்கடையிலிருந்து வந்துவிட்டார்.

"ஏம் அன்னா, பாகுன்னாவா? ஏம்டி ஆ மாத்ர?"

நலமா, அது என்ன மாத்திரை என்று அவர் கேட்டதும் எனக்கு வியர்த்தது. வயிறு சரியில்லை என்று நான் தயாராக வைத்திருந்தேன். வாயும் திறந்துவிட்டது. மாமா என்னை முந்திக்கொண்டார்.

"மனசு பாகலேது ரா. தானிகே."

மனசு சரியில்லை, அதற்குத்தான் என்று சொல்லிவிட்டார். டிரைவர் தன் கையிலிருந்த டீயைப் பார்த்தார். பிறகு மாமாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்று கேட்டார். தனக்கு அன்றுதான் லீவு என்றார். இருக்கமாட்டார் என்றார் மாமா. எந்தக் கிழமை வரவேண்டும், எந்தக் கதவு வழியாகப் போகவேண்டும் என்று சொன்னார். டிரைவர் தலையாட்டிவிட்டுத் தன் பஸ்ஸுக்குப் போனார். மாமா அண்ணாந்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. சாப்பாட்டுக்குப் பிறகு! காலையிலிருந்து அவர் குடித்தது ஒரு டீ. வெறும் வயிறு. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு வாழைப்பழ வண்டிக்கு ஓடினேன். ஒரு பழம் போதுமா, இரண்டா என்று யோசித்து ஒரு சீப்பாகவே பிடுங்கிக்கொண்டேன். அதற்குள் பஸ் உறும ஆரம்பித்துவிட்டது.

"ஏறும்மா! பஸ்ஸு கெளம்புது, ஏறு!"

மாமா படியில் நின்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். குழந்தையிடம் சொல்லச் சொல்லவில்லை.

ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி பழத்தை உரித்துக் கொடுத்தேன். ஒன்று சாப்பிட்டார். இரண்டாவதை நீட்டினேன். போதும் என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோலைக் கையில் வைத்துக்கொண்டு சந்திரகிரி தாண்டும்வரை யோசித்தேன்: ஒரு வாழைப்பழத்தைச் சாப்பாடு என்று சொல்லலாமா? அடுத்த மாதம் டாக்டரிடம் கேட்க வேண்டும்.